முத்துலட்சுமி ரெட்டி: சட்டசபையில் இருந்த மூன்றரை ஆண்டுகளில் என்ன செய்தார்?

வைகைக்கரை எழுதியது:

ஜூலை 30 வந்தால் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் படம் எல்லாக் குழுக்களிலும் சுற்றுகிறது. 2019-லிருந்து தமிழக அரசு அவர் பிறந்தநாளை மருத்துவமனை தினமாகவும் அனுசரிக்கிறது. படத்துக்குக் கீழே எப்போதும் ஒரே பட்டியல்தான்: முதல் பெண் சட்டசபை உறுப்பினர், முதல் பெண் துணைத்தலைவர், முதல்... முதல்... அவர் அந்த அவைக்குள் போய் என்னதான் செய்தார் என்று யாரும் எழுதுவதில்லை. அதைப் பேசத்தான் இந்த இழை.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சென்னை மாகாணத்தில் பெண்களுக்கு ஓட்டுரிமை கிடைத்தது 1921-இல். அதுவும் சொத்து, வரி என்று தகுதி இருந்தவர்களுக்கு மட்டும். தேர்தலில் நிற்கும் உரிமை 1926-இல்தான் வந்தது. அந்த ஆண்டே கமலாதேவி சட்டோபாத்யாய் மங்களூரில் நின்று குறைந்த ஓட்டு வித்தியாசத்தில் தோற்றார். அதற்குப் பிறகு, அடையாறில் 1917-இல் தொடங்கப்பட்ட இந்திய மாதர் சங்கம் முத்துலட்சுமியின் பெயரைப் பரிந்துரைத்தது, அரசு நியமித்தது. அவருக்கு அப்போது வயது 40. இங்கிலாந்தில் மேற்படிப்பு முடித்துத் திரும்பியிருந்த நேரம். டாக்டர் தொழில் கெட்டுவிடுமே என்ற தயக்கத்தோடுதான் ஒப்புக்கொண்டார். உள்ளே போனதும் அவை ஒருமனதாக அவரைத் துணைத்தலைவராகத் தேர்ந்தெடுத்தது.

1927 தொடக்கத்திலிருந்து 1930 மே வரை. அவ்வளவுதான் காலம். கட்சி கிடையாது, தொகுதி கிடையாது, பின்னால் கை தூக்க ஆள் கிடையாது. தேவதாசி முறை, குழந்தைத் திருமணம், விபச்சார விடுதி ஒழிப்பு, பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் பரிசோதனை, ஏழைப் பெண் குழந்தைகளுக்குக் கல்விக் கட்டணச் சலுகை என்று அவர் எடுத்துக்கொண்ட எல்லாமே அன்றைக்கு அவையில் சங்கடத்தைக் கிளப்பும் பேச்சுகள்.

இன்று ஒரு சட்டமன்ற உறுப்பினரின் மக்கள் பணி என்றால் நமக்கு முதலில் நினைவுக்கு வருவது நோட்டுப் புத்தகம், தையல் மிஷின், தண்ணீர்ப் பந்தல். அவற்றை வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் சட்டம் செய்யும் அதிகாரம் கையில் இருக்கும்போது அதை எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்பதற்கு இவரை விட நல்ல பாடம் நம் ஊரில் இல்லை என்பது என் கருத்து. தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

---

புதுகை மாறன் எழுதியது:

எங்கள் புதுக்கோட்டைக்காரர் என்பதால் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல அனுமதி வேண்டும்.

அப்பா நாராயணசாமி ஐயர், மகாராஜா கல்லூரி முதல்வர். அம்மா சந்திரம்மாள், தேவதாசி மரபில் வந்தவர். இந்த இரண்டாவது தகவலைத் தெரிந்துகொள்ளாமல் அவர் சட்டசபையில் பேசியதைப் புரிந்துகொள்ள முடியாது. அந்தக் குடும்பங்களில் ஒரு பெண் குழந்தை பிறந்தால் ஊர் எப்படிப் பேசும் என்பதைச் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவர்.

மெட்ரிகுலேஷன் தேறியதும் கல்லூரியில் சேர விண்ணப்பித்தார். பையன்கள் கெட்டுப்போவார்கள் என்று எதிர்ப்பு. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான்தான் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். மூடிய குதிரை வண்டியில் கல்லூரிக்குப் போவார். வகுப்பில் அவருக்கும் மாணவர்களுக்கும் நடுவில் திரை. பாடம் முடிந்ததும் முதலில் அவர் வெளியேறி வண்டி ஏற வேண்டும், அதன் பிறகுதான் பையன்கள் எழுந்திருக்கலாம். 1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரி, 1912-இல் பட்டம். 1914-இல் டாக்டர் சுந்தர ரெட்டியுடன் திருமணம்.

திரைக்குப் பின்னால் உட்கார்ந்து படித்த பெண் இருபது வருடத்தில் சட்டசபைத் தலைவர் இல்லாத வேளையில் அவர் நாற்காலியில் உட்கார்ந்து சபையை நடத்தினார். எங்கள் ஊரில் இன்றும் பள்ளிப் பிள்ளைகளிடம் இதைச் சொல்லும்போது எனக்குத் தொண்டை அடைக்கும்.

---

கீழவீதி எழுதியது:

மரியாதையோடு ஒரு கேள்வி. அவர் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவர் இல்லையே, கவர்னர் நியமித்தவர்தானே? ஓட்டுக் கேட்டு, தெருத்தெருவாக அலைந்து, ஐந்து வருடம் கழித்து மறுபடி அதே தெருவில் போய் நிற்க வேண்டிய இன்றைய எம்.எல்.ஏ.வோடு அவரை ஒப்பிடுவது சரியா? தோற்றுவிடுவோம் என்ற பயம் அவருக்கு இல்லை.

---

வைகைக்கரை எழுதியது:

நியாயமான கேள்வி, கீழவீதி. ஆனால் இதையும் பாருங்கள். நியமன உறுப்பினர் என்றால் நியமித்தவர்களுக்குச் சாதகமாகக் கை தூக்குவார் என்பதுதான் அன்றைய எதிர்பார்ப்பு. இவரோ அரசு தொடத் தயங்கிய விஷயங்களையே எடுத்தார். மத விஷயத்தில் தலையிட மாட்டோம் என்பது வெள்ளைக்காரர்களின் நிலை. அதனால் தேவதாசி முறையை ஒழிக்க அரசே மசோதா கொண்டுவராது. தனி உறுப்பினராக இவர்தான் கொண்டுவர வேண்டும், ஒவ்வொரு உறுப்பினரிடமும் இவர்தான் ஆதரவு கேட்க வேண்டும். ஓட்டு கேட்டுத் தெருவில் அலையவில்லை, சரி. அவைக்குள் ஒவ்வொரு வாக்குக்கும் அலைந்திருக்கிறார்.

1930 மே மாதம் காந்தி கைதானபோது, யாரும் கேட்காமலே அந்தப் பதவியைத் தூக்கிப் போட்டுவிட்டு வந்தார். துணைத்தலைவர் பதவியும் சேர்த்துத்தான் போனது.

---

நிலவரி எழுதியது:

வருவாய்த் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இந்த விஷயத்தில் எல்லோரும் தாண்டிப் போகும் பகுதி எதுவோ அதைப் பற்றி எழுதுகிறேன். கொஞ்சம் நீளும்.

முத்துலட்சுமி என்றாலே, தேவதாசி ஒழிப்பைப் பற்றிக் காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தியோடு நடந்ததாகச் சொல்லப்படும் வாக்குவாதம் ஒன்றை எல்லோரும் பகிர்கிறார்கள். சத்தியமூர்த்தி அந்த அவையில் இருந்தார், எதிர்த்தார் என்பது சரி. ஆனால் ஒரு சூடான பதிலால் சட்டம் நிறைவேறிவிடாது. அம்மையார் செய்த உண்மையான வேலை நிலத்தில் இருக்கிறது.

பழைய இனாம் பதிவேடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கோயிலில் ஊழியம் செய்பவர்களுக்கு மானியம் இருக்கும். மேளக்காரருக்கு, மாலை கட்டுபவருக்கு, மடப்பள்ளிக்காரருக்கு என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக. அதே மாதிரி பொட்டுக்கட்டிய, அதாவது தேவதாசியாகக் கோயிலுக்கு நேர்ந்துவிடப்பட்ட பெண்ணுக்கும் நிலமோ, நிலத்தின் தீர்வையோ ஒதுக்கியிருக்கும். நிபந்தனை ஒன்றுதான்: ஊழியம் நடக்கும் வரை நிலம். ஊழியம் நின்றால் நிலம் கோயிலுக்குத் திரும்பிவிடும்.

இப்போது அந்த வீட்டில் இருக்கும் வயதான பெண்ணை நினைத்துப் பாருங்கள். நாலு மா நஞ்சையை நம்பித்தான் அடுப்பு எரிகிறது. தனக்குப் பிறகும் அது குடும்பத்தில் தங்க வேண்டும் என்றால் அடுத்து ஒரு பெண்ணுக்குப் பொட்டுக்கட்டியாக வேண்டும். பெண் இல்லையா, ஒரு பெண் குழந்தையைத் தத்தெடுத்தாவது கட்ட வேண்டும். வழக்கம் தொடர்ந்து நடந்ததற்குப் பக்தி, பழக்கம் எல்லாம் காரணம்தான். அவற்றை விட அழுத்தமான காரணம் இந்த நிலம்.

பொட்டுக்கட்டுவதை நிறுத்தச் சொல்லி 1927 நவம்பரில் அம்மையார் கொண்டுவந்த தீர்மானம் அரசுக்குப் பரிந்துரை மட்டும்தான். அடுத்து அவர் செய்ததுதான் கெட்டிக்காரத்தனம். தடைச் சட்டத்துக்கு உடனே போகவில்லை. அப்போதுதான் புதிதாக வந்திருந்த இந்து அறநிலையச் சட்டத்தில் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். 44-ஏ என்ற பிரிவு. 1929-இல் 5-ஆம் சட்டமாக நிறைவேறியது. அதன் சாரம்: அந்த நிலத்தை ஊழிய நிபந்தனையிலிருந்து விடுவித்துவிடுவது. அந்தப் பெண் ஒரு தொகையைக் கட்டிக்கொண்டு நிலத்தை வைத்துக்கொள்ளலாம். கோயிலில் ஊழியம் செய்ய வேண்டிய கட்டாயம் இல்லை. ஊழியத்தை விட்டதற்காக நிலத்தைப் பிடுங்கவும் முடியாது.

முதலில் சோற்றுக்கு வழி, அதற்குப் பிறகு தடை. இந்த வரிசையை யோசித்தது ஒரு டாக்டர். வக்கீல்கள் நிறைந்திருந்த அவை அது. பட்டாவில் பேர் இருந்தால்தான் பெண்ணுக்குப் பேச்சு இருக்கும் என்பது எங்கள் துறையில் இருந்தவர்களுக்குத் தெரியும். அம்மையாருக்கும் அது தெரிந்திருக்கிறது.

---

தாய்சேய் எழுதியது:

நிலவரி ஐயா, பள்ளிக்கூடத்திலும் இதை யாரும் சொல்லித் தந்ததில்லை, கல்லூரியிலும் இல்லை. நன்றி.

---

சதிர் எழுதியது:

எல்லோரும் ஒரே பக்கம் பேசுகிறீர்கள். மறுபக்கத்தைச் சொல்ல வேண்டியது என் கடமை. நான் தேவதாசி மரபோடு தொடர்புள்ள இசை வேளாளர் குடும்பத்தில் பிறந்தவள்.

தேவதாசி ஒழிப்பு மசோதாவை எதிர்த்தவர்கள் சனாதனிகள் மட்டும் இல்லை. தேவதாசிகளே எதிர்த்தார்கள். சங்கம் வைத்து, கூட்டம் போட்டு, அரசுக்கு மனு கொடுத்தார்கள். முன்னால் நின்றவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். திருவையாற்றில் தியாகராஜர் சமாதிக்குத் தன் சொத்தைப் போட்டுக் கோயில் எழுப்பியவர். எங்களை விபச்சாரிகள் என்று சட்டத்தில் எழுதாதீர்கள், எங்கள் பெண்களுக்குப் படிப்பைக் கொடுங்கள், எங்கள் கலையைக் காப்பாற்றுங்கள் என்பதுதான் அந்த மனுக்களின் சாரம். அதற்கு முத்துலட்சுமி அம்மையார் காது கொடுக்கவில்லை.

1932-இல் பத்திரிகைகளில், எங்கள் ஆட்டத்தை ஆதரித்த வக்கீல் ஈ. கிருஷ்ண ஐயரோடு நடந்த விவாதத்திலும், சதிர் என்ற அந்த ஆட்டத்தின் கச்சேரிகளுக்கு எதிராகத்தான் அவர் எழுதினார். நடந்தது என்ன? அடுத்த சில ஆண்டுகளில் அதே ஆட்டம் பரதநாட்டியம் என்ற பெயரில் மியூசிக் அகாடமி மேடைக்கு ஏறியது. மற்ற வீட்டுப் பெண்கள் ஆடினால் கலை. எங்கள் பாட்டிகள் ஆடினால் அவமானம். பாலசரஸ்வதி மாதிரி ஒரு சிலர் தாக்குப்பிடித்தார்கள். மற்றவர்கள் சலங்கையைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு, பேரப் பிள்ளைகளுக்குக் கூடச் சொல்லாமல் செத்துப்போனார்கள். என் குடும்பத்திலும் அப்படி ஒருவர் உண்டு. அவருக்கு எத்தனை பதம் தெரியும் என்பது அவர் இறந்த பிறகுதான் எங்களுக்குத் தெரிய வந்தது.

சமூக சேவை என்று பேசும்போது, யாருக்காகச் சேவையோ அவர்களைக் கேட்டுச் செய்ய வேண்டாமா?

---

மணிமேகலை எழுதியது:

சதிர் அக்கா, உங்கள் வலி புரிகிறது. ஆனால் அவர்களைக் கேட்கவில்லை என்பதை அப்படியே ஏற்க முடியவில்லை. முத்துலட்சுமியும் அந்த வீட்டுப் பெண்தானே? மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் யார்? பொட்டுக்கட்டும் வழக்கத்தின் கொடுமையைத் தானே அனுபவித்து வெளியே வந்து, ஊர் ஊராகப் போய் அதை எதிர்த்துப் பேசியவர். அந்தச் சமூகத்தின் குரல் ஒன்றாக இருக்கவில்லை. ராஜதாசிகளும் பெரிய வித்வாம்சினிகளும் ஒரு பக்கம். பத்து வயதில் கழுத்தில் பொட்டு ஏறி, யாரோ ஒரு பண்ணையாரின் பொறுப்பில் விடப்பட்ட பிள்ளைகள் இன்னொரு பக்கம். இந்தப் பிள்ளைகள் மனு எழுதவில்லை, சங்கம் வைக்கவில்லை. அவர்களுக்காக யார் பேசுவது?

முத்துலட்சுமி பிள்ளைப்பேறு பார்த்த டாக்டர் என்பதை மறக்கக் கூடாது. சின்ன வயதில் கர்ப்பமாகி மேஜையில் படுத்திருக்கும் பெண்ணைப் பார்த்தவர். 1928-இல் திருமண வயதைப் பெண்ணுக்கு 16, ஆணுக்கு 21 என்று உயர்த்தச் சொல்லி அவையில் தீர்மானம் கொண்டுவந்ததும் அதனால்தான். அடுத்த ஆண்டு டில்லியில் வந்த சாரதா சட்டம்கூடப் பெண்ணுக்கு 14 என்றுதான் வைத்தது.

---

சதிர் எழுதியது:

அந்தப் பிள்ளைகளைப் பற்றி நீங்கள் சொல்வதில் எனக்கு மறுப்பே இல்லை, மணிமேகலை. பொட்டுக்கட்டு நிற்க வேண்டியதுதான். என் கேள்வி வேறு. தடையும் கலைக்கு ஆதரவும் ஒன்றாக வந்திருக்கக் கூடாதா? நிலத்தை யோசித்த அதே மூளை, அந்தப் பெண்களின் கையில் இருந்த வித்தையையும் சொத்தாக யோசித்திருக்கலாம். ஒரு இசைப் பள்ளி, ஆசிரியர் வேலை, ஏதாவது ஒன்று.

நிலவரி ஐயாவிடம் ஒன்று கேட்கிறேன். விடுவித்த நிலம் பெண்கள் பெயரிலேயே நின்றதா? மகன்கள் கைக்கும் தம்பிகள் கைக்கும் போய்விட்டது என்று ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்களே?

---

நிலவரி எழுதியது:

அம்மா, நீங்கள் கேட்பது சரியான கேள்வி. அந்த வீடுகளில் சொத்து பெண் வழியில் போனது. தத்தெடுக்கும் உரிமையும் பெண்ணுக்கு இருந்தது. மற்ற இந்துப் பெண்களுக்கு அப்போது இல்லாத உரிமை அது. பொட்டுக்கட்டு போனபோது அந்த ஏற்பாடும் சேர்ந்து போனது. பெண்கள் சாதாரண இந்து வாரிசு முறைக்குள் வந்தார்கள். அந்த முறையில் அப்போது மகளுக்கு என்ன இடம் இருந்தது என்பது உங்களுக்கே தெரியும். 1956-இல் வாரிசுரிமைச் சட்டம் வரும் வரை அதுதான் நிலைமை. ஆகவே சட்டம் நிலத்தைக் காப்பாற்றிக் கொடுத்தது, ஆனால் அது பெண் கையில் தங்க வழி செய்யவில்லை. இதை ஒரு குறையாகவே நானும் பார்க்கிறேன்.

---

கீழவீதி எழுதியது:

இந்த இழை நான் நினைத்ததை விட ஆழமாகப் போகிறது. இன்னொரு சந்தேகம். 1928-இல் நாடே சைமன் கமிஷனைப் புறக்கணித்தபோது இவர் ஹார்டாக் கமிட்டியில் இருந்தாரே? அது சைமன் கமிஷனின் துணைக் கமிட்டிதானே?

---

வைகைக்கரை எழுதியது:

ஆமாம், கல்விக்கான துணைக் கமிட்டி. அதில் இருந்த ஒரே பெண் இவர். பெண் கல்வியைப் பற்றி அறிக்கையில் என்ன எழுத வேண்டும் என்று சொல்ல உள்ளே ஒருவர் வேண்டும் என்பது அவர் எடுத்த முடிவு. அதை ஏற்காதவர்கள் அன்றும் இருந்தார்கள். இரண்டே ஆண்டில் காந்திக்காகப் பதவியை விட்டவரும் அவர்தான். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், கோட்டைக்குள் இருந்து வேலை நடக்கும் வரை உள்ளே இருப்பது, உள்ளே இருப்பதே தவறு என்று பட்டதும் வெளியே வருவது என்ற கணக்கு தெரிகிறது. எனக்கு இதில் முரண்பாடு தெரியவில்லை.

---

மணிமேகலை எழுதியது:

பதவியை விட்ட பிறகு நடந்ததையும் எழுத வேண்டும். தேவதாசிக் குடும்பத்திலிருந்து வெளியே வந்த சில சிறுமிகளுக்கு நகரத்தில் எந்த விடுதியிலும் இடம் தரவில்லை. அவர்களைத் தன் வீட்டிலேயே தங்க வைத்தார். அதிலிருந்து தொடங்கியதுதான் ஔவை இல்லம். சட்டம் போட்டு வெளியே வரச் சொன்னால், வந்த பிள்ளை அன்று ராத்திரி எங்கே படுக்கும்? அதற்குப் பதில் சொல்லும் பொறுப்பு சட்டம் கேட்டவருக்குத்தான் என்று நினைத்தார் பாருங்கள், என் மனதில் அவர் உயர்ந்து நிற்பது அந்த இடத்தில்தான்.

சதிர் அக்கா கேட்ட இசைப் பள்ளி நடக்கவில்லை. படிப்பும் கைத்தொழிலும் நடந்தது.

---

அடையாறு ரவி எழுதியது:

அம்மாவின் சிகிச்சைக்காக அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கு நிறைய நடந்தவன். அங்கே பெயர்ப் பலகையில் புற்றுநோய் நிறுவனம் என்பதோடு டபிள்யூ.ஐ.ஏ. என்று மூன்று எழுத்து இருக்கும். வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது அதைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். வைகைக்கரை முதல் பதிவில் சொன்ன அதே இந்திய மாதர் சங்கத்தின் எழுத்துகள்தான் அவை. 1926-இல் அவரைச் சட்டசபைக்கு அனுப்பிய சங்கம்தான் 1954-இல் அந்த ஆஸ்பத்திரியையும் திறந்தது.

முத்துலட்சுமியின் தங்கை புற்றுநோயில் இறந்தது 1923-இல். 1952-இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954-இல் திறந்தபோது 12 படுக்கைகள்தான். புற்றுநோய் வந்தால் சாவுதான், அதற்கு எதற்குத் தனி ஆஸ்பத்திரி என்று படித்தவர்களே கேட்ட காலம். மகன் கிருஷ்ணமூர்த்தி அங்கே டாக்டர். அடுத்த ஆண்டு வந்து சேர்ந்தவர் டாக்டர் சாந்தா, 2021-இல் இறக்கும் வரை அந்த வளாகத்தை விட்டுப் போகவில்லை. பணம் இல்லை என்று யாரையும் திருப்பி அனுப்பாத இடம் என்று எங்களுக்குச் சொன்னார்கள். எங்கள் விஷயத்தில் அது உண்மையாகவே இருந்தது. வெளியூரிலிருந்து வந்து, கையில் ஃபைலும் ஒரு கட்டைப் பையுமாக மரத்தடியில் காத்திருக்கும் குடும்பங்களை அங்கே எந்தக் காலையிலும் பார்க்கலாம்.

---

தாய்சேய் எழுதியது:

நான் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ். கர்ப்பிணிகளுக்கு அரசு தரும் மகப்பேறு நிதியுதவித் திட்டத்துக்கு முத்துலட்சுமி பெயர்தான், அதனால் எங்களிடம் வரும் கர்ப்பிணிகளின் வாயில் தினமும் வரும் பெயர் இது. "சிஸ்டர், முத்துலட்சுமி பணம் எப்ப ஏறும்?" பிக்மி நம்பர் (கர்ப்பப் பதிவு எண்) போட்டாச்சா, ஆதாரும் பாஸ்புக்கும் ஒரே பேரில் இருக்கா, ரெண்டாவது தவணை வந்துச்சா என்று பேச்சு முழுக்க அதைச் சுற்றித்தான். 2018-இல் உதவி 18,000 ரூபாயாக உயர்ந்தபோது அதில் ஒரு பகுதியைப் பெட்டகமாகக் கொடுத்தார்கள். நெய், பேரீச்சம்பழம், இரும்புச்சத்து டானிக் எல்லாம் இருக்கும். பெட்டகத்தைப் பிரித்ததும் நெய்யை எடுத்து மாமியார் கையில் கொடுத்துவிடும் பெண்களையும் பார்த்திருக்கிறேன். இது உனக்கம்மா, நீ சாப்பிடு என்று சொல்லி அனுப்புவோம்.

முத்துலட்சுமி யார் என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. அரசியல்வாதியா, பழைய மந்திரியா என்பார்கள். அடுத்த வாரம் கர்ப்பிணிகள் கூடும் நாளில் ஐந்து நிமிடம் அவரைப் பற்றிப் பேசலாம் என்றிருக்கிறேன். மாறன் அண்ணா சொன்ன திரை, குதிரை வண்டிக் கதையை எடுத்துக்கொள்கிறேன்.

---

கீழவீதி எழுதியது:

கடைசியாக ஒன்று. 1930-இல் கொண்டுவந்த தடை மசோதா 1947-இல்தான் சட்டமானது என்கிறார்கள். நடுவில் 17 வருடம் என்ன ஆயிற்று?

---

நிலவரி எழுதியது:

பொட்டுக்கட்டுவதையே குற்றமாக்கும் மசோதாவை அவர் 1930 தொடக்கத்தில் வைத்தார். பொதுமக்கள் கருத்துக்காகச் சுற்றுக்கு விட்டார்கள். அது திரும்பி வருவதற்குள் அவர் ராஜினாமா செய்துவிட்டார். தனி உறுப்பினர் மசோதாவுக்கு அதைக் கொண்டுவந்தவர் அவையில் இல்லை என்றால் கதி இல்லை. அப்படியே கிடந்தது. முப்பதுகளின் கடைசியில் காங்கிரஸ் ஆட்சியில் மறுபடி பேச்செடுத்தார்கள், போர் வந்தது, மந்திரிசபை விலகியது. கடைசியில் ஓமந்தூரார் முதல்வராக இருந்தபோது 1947-இல் 31-ஆம் சட்டமாக வந்தது. அதற்குள் மைசூரும் திருவிதாங்கூரும் தங்கள் பகுதியில் நிறுத்திவிட்டன. மைசூர் 1909-லேயே.

அவர் 1930-இல் பதவி விலகாமல் இருந்திருந்தால் சில ஆயிரம் பெண் குழந்தைகளாவது தப்பியிருக்குமோ என்று நான் யோசித்தது உண்டு. காந்தி சிறையில் இருக்கும்போது அந்த நாற்காலியில் உட்கார அவர் மனம் ஒப்பவில்லை. அதையும் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் அந்த 17 வருடத்துக்குப் பொறுப்பு அவருடையது என்று சொல்ல மாட்டேன். அவருக்குப் பின் அதே அவையில் உட்கார்ந்திருந்த மற்ற உறுப்பினர்களுடையது.

---

சதிர் எழுதியது:

இந்தக் கடைசி வரியை நானும் ஒப்புக்கொள்கிறேன், ஐயா. நாகரத்தினம்மாள் தரப்பு மனுக்களையும் அன்றைய அவை நடவடிக்கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க ஆசை. எங்கே கிடைக்கும்?

---

வைகைக்கரை எழுதியது:

அவை நடவடிக்கைகள் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் ஆண்டு வாரியாகக் கட்டி வைத்திருக்கிறார்கள். ஆய்வாளர் என்று கடிதம் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும். 1927 நவம்பர் தொகுதியிலிருந்து தொடங்குங்கள், அக்கா. மனுக்களில் கிடைப்பதை இங்கே தட்டச்சு செய்து போட்டால் அதற்கென்றே தனி இழை திறந்து தருகிறேன். நிலவரி ஐயா, 44-ஏ பற்றி எழுதியதை அந்த இழையிலும் சேர்த்துவிடலாமா?

---

நிலவரி எழுதியது:

தாராளமாக.